பனிக்காலத்துக்கு ஆல் வீல் டிரைவ் ஹேட்ச்பேக்: கூடுதல் பணம் போடலாமா என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து ஒட்டாவாவில் அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி கார் பற்றித்தான். "அக்கா, ஹேட்ச்பேக் வாங்கலாம்னு இருக்கேன். ஆல் வீல் டிரைவ் எடுக்கணுமா, சாதா வண்டியே போதுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து முதல் பனிக்காலத்துக்குத் தயாராகிறவர்கள். என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்கள் என்று நான் பார்க்க வேண்டியவர்கள் ஆர்ன்பிரையர், ஆல்மான்ட், கலபோகி என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். பனி கொட்டுகிறது என்பதற்காக அவர்களுடைய பயிற்சியை நிறுத்திவிட முடியாது. நான் ஓட்டுவது சுபாரு இம்ப்ரெஸா ஹேட்ச்பேக். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டி. வீட்டில் இன்னொரு கார் டொயோட்டா கரோலா ஹேட்ச்பேக். அதில் முன் சக்கரங்களுக்கு மட்டும்தான் சக்தி. என் கணவர் அதை நகரத்துக்குள் வேலைக்கு எடுத்துப்போகிறார். இரண்டுக்கும் நல்ல பனிக்கால டயர் போட்டிருக்கிறோம். ஒரே வாசலிலிருந்து, ஒரே பனியில் கிளம்பும் இரண்டு வண்டிகளையும் பார்த்துப் பழகியதால் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பும், மேட்டில் ஏற்றும். நிறுத்தாது. வளைவில் ஓரளவுக்குத்தான் உதவும். ஆகவே நீங்கள் தினமும் போகிற வழியில் கிளம்புவதும் ஏறுவதும் சிரமமா, இல்லை நிறுத்துவதுதான் சிரமமா என்று முதலில் பார்க்க வேண்டும். பணக் கணக்கு அப்புறம்.

முதலில் டயர், பிறகு மற்றது

பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும் இருக்கிறது. எஞ்சினின் சக்தி எத்தனை சக்கரத்துக்குப் போகிறது என்பதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியை நிறுத்துவது டயர் ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பு மட்டும்தான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

கணக்காகவே பார்ப்போம். காய்ந்த தார்ரோட்டில் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, சுமார் 0.8. இறுகிப்போன பனியில் ஆல் சீசன் டயருக்கு (வருடம் முழுக்க ஓட்டும் சாதாரண டயர்) 0.2 என்றும், நல்ல பனிக்கால டயருக்கு 0.3 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்தால் காய்ந்த ரோட்டில் 12 மீட்டரில் நின்றுவிடலாம். இறுகிய பனியில் ஆல் சீசன் டயரோடு 49 மீட்டர் ஓடும். பனிக்கால டயரோடு 33 மீட்டர். இடையில் இருக்கும் 16 மீட்டர் என்பது ஏறக்குறைய மூன்றரை ஹேட்ச்பேக்குகளின் நீளம். அந்த நீளத்துக்குள் ஒரு பாதசாரிக் கடவையும் அதில் நடப்பவர்களும் இருக்கலாம். பனிக்குப் பனி இந்த எண்கள் மாறும் என்றாலும் வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது. இதில் ஆல் வீல் டிரைவ் ஒரு மீட்டர்கூடக் குறைத்துத் தராது. சொல்லப்போனால் வண்டி கொஞ்சம் கனமாக இருப்பதைத் தவிர பிரேக் விஷயத்தில் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது.

இப்போது மேட்டுக் கணக்கு. முன் சக்கர வண்டியில் மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் முன் சக்கரங்களின் மேல் இருக்கும். இழுப்பதற்குக் கிடைப்பது அந்த 60 சதவீதத்தின் பிடிப்புதான். உராய்வு 0.2 என்றால் 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் மேடு வரை ஏறலாம். மேட்டில் எடை பின்பக்கம் சாய்வதால் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஏறும். அதே டயரோடு நாலு சக்கரமும் இழுத்தால் 20 மீட்டர் உயரம் வரை போகும். சரி, முன் சக்கர வண்டிக்கே பனிக்கால டயரைப் போட்டால்? 18. ஆல் சீசன் போட்ட ஆல் வீல் டிரைவ் வண்டிக்குக் கிட்டத்தட்டச் சமம், அதுவும் 16 மீட்டர் முன்னாலேயே நிற்கும் வண்டி. இரண்டும் சேர்ந்தால், அதாவது ஆல் வீல் டிரைவும் பனிக்கால டயரும் இருந்தால், 30. ஒட்டாவா நகருக்குள் தினசரி வழியில் அவ்வளவு செங்குத்தான ரோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். என் வேலை இருக்கும் மலைப்பக்கத்தில் தேட வேண்டியதில்லை.

ஆகவே கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் யோசிக்கவே வேண்டாம், டயர் வாங்குங்கள். ஆல் வீல் டிரைவ் வாங்கிவிட்டு, செலவாகிவிட்டது என்று ஆல் சீசன் டயரோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். அந்த வண்டி சிக்னலில் பச்சை விழுந்ததும் சறுக்காமல் கிளம்பிவிடும். ரோடு வழுக்குகிறது என்பதே ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முன் சக்கர வண்டியில் கிளம்பும்போதே சக்கரம் சுற்றி, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கி எச்சரித்துவிடும். ஆல் வீல் டிரைவ் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் சமாசாரம் தெரியவரும். இதனால் நான் கிளம்பிய கையோடு, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 20 கி.மீ. வேகத்தில் ஒரு தடவை பிரேக்கை அழுத்திப் பார்ப்பேன். காலுக்கு அடியில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏற்பாடு) படபடவென்று அடித்தால் அன்றைக்கு ரோடு எப்படி என்று புரிந்துவிடும்.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் என்ற எழுத்து போதாது. சாதாரண ஆல் சீசன் டயரிலும் அது இருக்கும். 7 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும்போது ஆல் சீசன் ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்தது. ரோட்டில் பனியே இல்லாத, வெறும் குளிரான நாளிலும் வித்தியாசம் தெரிவது இதனால்தான். ஆல் வெதர் என்று இன்னொரு ரகம் இருக்கிறது. மலைச் சின்னம் அதிலும் இருக்கும், வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள், டயர் வைக்க இடம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் ஆழமான பனியிலும் கண்ணாடிப் பனியிலும் தனிப் பனிக்கால டயருக்கு ஈடு கிடையாது.

ஒட்டாவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியூபெக் மாகாணத்தில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். அங்கே கேட்டினோவில் வீடு பார்க்கிறவர்கள் இதை முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து, பனிக்கால டயர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும். கேட்டால்தான் பல இடங்களில் தருவார்கள், மறக்காமல் கேளுங்கள்.

உங்கள் வழியை அளந்து பாருங்கள்

இனி ஆல் வீல் டிரைவ் உங்களுக்குத் தேவையா என்பது. காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் வழியைப் பார்க்க வேண்டும்.

வண்டி இரவில் எங்கே நிற்கிறது? நிலத்தடி பார்க்கிங்கில் நின்றால், வெளியே ஏறிவரும் சரிவு பெரும்பாலும் கூரைக்கு அடியிலோ சூடேற்றியோ இருக்கும். திறந்த வாசலில் நின்றால் பனி அள்ளும் வண்டி போனபின் வாசல் முகப்பில் ஒரு கரை எழும்பி நிற்கும். அது புதுப் பனிபோல மென்மையாக இருக்காது. ரோட்டு உப்பும் அழுக்கும் கலந்து கட்டிகட்டியாக, ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். வழக்கமான ஹேட்ச்பேக்கின் அடிவயிறு தரையிலிருந்து 13, 14 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கரைமேல் வேகமாக ஏற்றினால் வண்டி வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும். அப்போது சக்தி எத்தனை சக்கரத்துக்குப் போனாலும் ஒன்றுதான். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் கிழிந்து தொங்கும். இதற்கு மருந்து மண்வெட்டிதான். தினமும் ஆழமான பனியில் போக வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஹேட்ச்பேக்கே வேண்டாம், அடிவயிறு 22 செ.மீ. உயரத்தில் இருக்கும் சுபாரு கிராஸ்ட்ரெக் போன்றதைப் பாருங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்பதும் முக்கியம். நகராட்சி பெரிய ரோடுகளை முதலில் சுத்தம் செய்யும், குடியிருப்புத் தெருக்கள் கடைசியில்தான். காலை 9 மணிக்குக் கிளம்புகிறவரும் 5 மணி ஷிஃப்டுக்குக் கிளம்பும் நர்ஸும் ஒரே தெருவில் இருந்தாலும் பார்க்கும் ரோடு வேறு. வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி இருந்து, மோசமான நாளில் வெளியே போகாமல் இருக்க முடிந்தால், ஆல் வீல் டிரைவின் தேவை பாதியாகிவிடும்.

மேட்டைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கோடையிலேயே ஒரு பலகையைச் சரிவில் வைத்து, போனில் இருக்கும் லெவல் ஆப்பைத் திறந்து அதன்மேல் வையுங்கள். 7 டிகிரி காட்டினால் நான் மேலே சொன்ன 12 மீட்டர் மேடு. 11 டிகிரி என்றால் 20 மீட்டர் மேடு. 4 டிகிரிக்குள் இருந்தால் பனிக்கால டயர் போட்ட முன் சக்கர வண்டிக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மேட்டின் அடியில் வளைவு இருக்கிறதா, நிறுத்தப் பலகை இருக்கிறதா என்று அதோடு பாருங்கள். ஓட்டத்தில் ஏறிவிடும் மேட்டில், நின்று கிளம்ப வேண்டியிருந்தால் ஏற முடியாமல் போகும்.

நான் வாரா வாரம் போகும் ஒரு வீடு கலபோகி பக்கம் இருக்கிறது. ரோட்டிலிருந்து வீடு வரை ஜல்லி போட்ட நீளமான பாதை, இரண்டு பக்கமும் சீடர் மரங்கள். நுழைந்ததுமே ஒரு திருப்பம், திருப்பம் முடிந்த இடத்திலேயே மேடு. அவர்களுடைய பிக்கப் லாரி ஏறி இறங்கி அந்தப் பனியை மெருகேற்றி வைத்திருக்கும். மர நிழலில் வெயிலும் படாது. திருப்பத்தில் வேகம் எடுக்க முடியாது. அங்கே இம்ப்ரெஸாவை இரண்டாவது கியர் அளவுக்கு மெதுவாக, ஒரே சீரான அழுத்தத்தில் விட்டால் ஒரு சக்கரம் லேசாகச் சுற்றும், உடனே மற்றது பிடிக்கும், அப்படியே ஏறிவிடும். கரோலாவில் போயிருந்தால் வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு, மடக்குக் கட்டிலையும் பயிற்சிப் பையையும் தூக்கிக்கொண்டு நடந்துதான் ஏற வேண்டும். நான் ஆல் வீல் டிரைவுக்குக் கொடுத்த பணம் இந்த மாதிரி வீடுகளுக்காகத்தான். அதே பாதையில் இறங்கும்போது அது எனக்கு எதுவும் செய்வதில்லை. உச்சியிலேயே முழுசாக நிறுத்தி, கியரைக் குறைத்து, நடக்கிற வேகத்தில்தான் இறங்குவேன்.

மாறாக, ஒட்டாவாவின் புறநகரான கனாட்டாவில் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, 417 நெடுஞ்சாலையில் நகரத்துக்குள் போய்வரும் ஒரு தம்பி கேட்டபோது, வேண்டாம் என்றே சொன்னேன். அவருடைய வழியில் மேடே கிடையாது. ஆனால் நாள் முழுக்க பிரேக் பிடிக்கும் வழி. நல்ல முன் சக்கர ஹேட்ச்பேக், நல்ல டயர், சூடாகும் சீட், ரிமோட் ஸ்டார்ட். அவருக்கு இதுதான் சரி.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. -20 டிகிரியில்தான் மிகவும் வழுக்கும் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். உண்மையில் 0 டிகிரியை ஒட்டித்தான் பனிக்கட்டியின்மேல் ஈரம் படிந்து மோசமாக வழுக்கும். கடுங்குளிரில் பனி காய்ந்து மணல்போல நொறுங்கும். கொஞ்சம் பிடிக்கவும் செய்யும். ஆனால் -18க்குக் கீழே ரோட்டில் போடும் உப்பு சரியாக வேலை செய்யாது என்பதால், பளபளப்பாகிவிட்ட சந்திப்புகள் அப்படியே கிடக்கும். உறைமழை (விழுந்ததும் ரோட்டில் கட்டியாக உறையும் மழை) பெய்யும் நாளில் எந்த வண்டியும் உதவாது. 1998 ஜனவரியில் வந்த உறைமழைப் புயலை இங்கே பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். அப்படிப்பட்ட நாளில் நானும் போனில்தான் பயிற்சி சொல்லிக்கொடுப்பேன்.

எல்லா ஆல் வீல் டிரைவும் ஒன்றில்லை

வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சுபாருவில் சி.வி.டி. கியர் (தானாகவே சீராக மாறும் கியர்) உள்ள வண்டிகளில் பின் சக்கரங்களுக்கு எப்போதும் ஓரளவு சக்தி போய்க்கொண்டே இருக்கும். சாதாரணமாக முன்னால் 60, பின்னால் 40 என்ற அளவில் ஆரம்பித்து, தேவைக்கேற்ப மாறும். சறுக்கிய பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 2019 மாடலிலிருந்து மஸ்தா3 ஹேட்ச்பேக்கிலும் ஆல் வீல் டிரைவ் கிடைக்கிறது. அது தேவைப்படும்போது பின்னால் சக்தி அனுப்பும் ரகம். வெளி வெப்பநிலை, ஸ்டீயரிங் கோணம் என்று பல சென்சார்களைப் பார்த்து முன்கூட்டியே ஊகிக்கப் பார்க்கும், நன்றாகவே செய்கிறது. உள்ளே அமைதியும் சொகுசும் வேண்டும் என்றால் மஸ்தாதான். ஓயாமல் பனியில் கிளம்பி ஏற வேண்டும் என்றால் நான் சுபாருவை எடுப்பேன்.

பழைய டொயோட்டா பிரியஸ் (பெட்ரோலிலும் மின்மோட்டாரிலும் ஓடும் வண்டி) வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். 2019ல் வந்த ஏடபிள்யூடி-இ என்ற மாடலில் பின் சக்கரங்களுக்குத் தனியாக ஒரு சின்ன மின்மோட்டார் இருக்கிறது. அதன் பலம் 7 குதிரைத்திறன்தான். மணிக்கு 70 கி.மீ. வேகம் வரை மட்டும் உதவும். சிக்னலில் கிளம்பவும் வாசலிலிருந்து வெளியே வரவும் அது போதும். என் கலபோகி மேட்டுக்கு அதை நம்ப மாட்டேன்.

விலை குறைவாகத் தேடினால் டொயோட்டா மேட்ரிக்ஸின் ஆல் வீல் டிரைவ் மாடலும் சுசுகி எஸ்எக்ஸ்4 ஹேட்ச்பேக்கும் கண்ணில் படும். ஊரில் மாருதி எஸ்எக்ஸ்4 செடானாக ஓடியதே, அதன் உறவுதான். இங்கே வந்ததில் நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் சுவிட்ச்கூட இருந்தது. நல்ல யோசனை, சின்ன வண்டி. ஆனால் சுசுகி 2014ல் கனடாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. உதிரிபாகம் தேடி அலைய மனமில்லாதவர்கள் விட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு

ஒரே மாடல், ஆல் வீல் டிரைவ் இருப்பதும் இல்லாததும். புது வண்டியில் விலை வித்தியாசம் 2,000 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பார்க்கும் மாடலின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவின் 13 சதவீத வரியோடு 2,260. பின்பக்கத் தண்டும் கியர்ப்பெட்டியும் கூடுதல் எடை, கூடுதல் உராய்வு, 100 கி.மீ.க்கு 0.8 லிட்டர் அதிகம் குடிக்கிறது என்று வைப்போம். வருடம் 20,000 கி.மீ. ஓட்டினால் 160 லிட்டர், லிட்டர் ஒன்றரை டாலர் என்றால் 240 டாலர். எட்டு வருடத்துக்கு 1,920. பின் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) ஆயில் மாற்றுவது அது இது என்று ஒரு 300. ஆக மொத்தம் 4,480. விற்கும்போது ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கும். அதில் 1,000 திரும்பி வருகிறது என்றால் நிகரச் செலவு ஏறக்குறைய 3,500. வருடத்துக்கு 435 டாலர், மாதத்துக்கு 36 வாக்கில்.

இந்த 36 டாலருக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு வேலையே அதில் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் போக முடியாவிட்டால் அன்றைய வருமானமும் போச்சு, அந்தப் பெரியவரின் முழங்கால் ஒரு வாரம் பின்னுக்கும் போகும். பனிச்சறுக்குக்குக் குடும்பத்தோடு அடிக்கடி மலைக்குப் போகிறவர்களுக்கும் சரியான செலவுதான். வருடத்தில் எப்போதாவது ஒருநாள் வரும் பெரிய பனிக்காக மட்டும் என்றால், அந்தப் பணத்தில் வாசல் பனியை அள்ள ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

டயர் கணக்கு வேறு மாதிரி. இரும்பு ரிம்மோடு நாலு பனிக்கால டயர், 16 அங்குலம் என்றால், ஆயிரம் டாலரை ஒட்டி வரும். ஐந்து பனிக்காலம் ஓடும். அந்த மாதங்களில் உங்கள் கோடை டயர் தேயாமல் ஓய்வெடுக்கிறது, ஆகவே உண்மையான செலவு அதைவிடக் குறைவு. இங்கே ஒரு யோசனை: 18 அங்குலச் சக்கரம் போட்ட உயர்ந்த மாடல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அளவில் பனிக்கால டயர் விலை கூடும். குழியில் இறங்கினால் ரிம் வளையும். 205/55ஆர்16 போன்ற சாதாரண அளவு எந்தக் கடையிலும் கிடைக்கும். பெரிய சக்கரம் உள்ள மாடலையே வாங்கினாலும், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பரில் இடிக்காத மிகச் சிறிய ரிம் எது என்று டயர் கடையில் கேட்டுப் பனிக்காலத்துக்கு அதைப் போடுங்கள். குறுகிய டயர் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கும். அகன்றது மேலே மிதக்கப் பார்க்கும்.

ஆல் வீல் டிரைவ் வண்டியில் ஒரு மறைமுகச் செலவும் உண்டு. நாலு டயரும் ஒரே மாதிரி, ஒரே அளவு தேய்ந்தவையாக இருக்க வேண்டும். சுபாருவில் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். தேய்மானத்தில் பார்த்தால் அது ஒரு மில்லிமீட்டர்தான். பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்தால் நாலையும் மாற்ற வேண்டி வரலாம். வண்டி நின்றுபோனால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் லாரி கூடாது. முழு வண்டியையும் மேலே ஏற்றும் தட்டையான லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

பழைய வண்டியைப் பார்க்கும்போது

முதல் வேலையாகக் குனிந்து நாலு டயரின் பெயரையும் ஆழத்தையும் பாருங்கள். நாலு விதமான டயர் இருந்தால் பழைய சொந்தக்காரர் அந்த வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துபோகும். பனிக்கால டயரும் கூடவே தருகிறேன் என்றால் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள்; 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பனிக்கு அது உதவாது, விலையில் அதைச் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, காய்ந்த பார்க்கிங் லாட்டில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, மெதுவாக வட்டம் அடியுங்கள். ரேடியோவை அணைத்து, ஜன்னலை இறக்கி வையுங்கள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல வண்டி திக்கித் திக்கி நகர்ந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு சரியாக விடுபடவில்லை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். சக்கர அச்சு மூட்டு போயிருந்தால் கட்கட் என்று சத்தமும் வரும்.

பின் சக்கரம் உண்மையாகவே இழுக்கிறதா என்று பார்க்க, ஜல்லி ரோட்டிலோ பனியிலோ ஒருவரைப் பாதுகாப்பாகத் தள்ளி, பக்கவாட்டில் நிற்கவைத்து நீங்கள் சட்டென்று கிளப்புங்கள். பின் டயரும் கல்லை வாரி அடிக்கிறதா என்று அவர் சொல்வார். ஏப்ரலில் வாங்கும்போதும் இதைச் செய்யலாம், பனி தேவையில்லை.

பிறகு கட்டாயம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இந்த ஊரின் உப்பு எஞ்சினைவிட அடித்தகட்டைத்தான் முதலில் தின்னும். பின் சப்ஃபிரேம் (பின் சக்கர அமைப்பைத் தாங்கும் இரும்புச் சட்டம்), பிரேக் பைப், பின் டிஃபரன்ஷியல் தொங்கும் இடம் ஆகிய மூன்றையும் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே பழுப்பாகத் தூள் படிந்திருந்தால் பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் செதில் செதிலாகக் கழன்றால் வேண்டாம். டிஃபரன்ஷியலைச் சுற்றி ஆயில் ஈரம் இருக்கிறதா, அதன் ஆயிலை மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வாங்கிய பிறகு வருடா வருடம் இலையுதிர் காலத்தில் அடியில் துருத்தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள்.

ஹேட்ச்பேக் என்ற உருவத்துக்காகவும் சில சங்கதிகளைப் பார்க்க வேண்டும். பின் கண்ணாடி செங்குத்தாக இருப்பதால் உப்புச் சேறு அள்ளி அப்பும். பின் வைப்பரும் அதற்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாயும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். முன் வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் சூடேற்றும் கம்பி இருந்தால் நல்லது. பின் சீட்டை மடக்கினால் நாலு டயரும் உள்ளே போகிறதா என்று பாருங்கள், வருடத்தில் இரண்டு தடவை உங்களுக்கு அது தேவைப்படும். டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கும் பொத்தான் எங்கே என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பனியில் புதைந்தால் அதை அணைத்துவிட்டு முன்னும் பின்னும் ஆட்டித்தான் வெளியே வர வேண்டும். அணைக்காமல் மிதித்தால் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

வாங்கும் காலம் பனி உருகிய பிறகு என்றால் நல்லது. முதல் பனி விழுந்த வாரத்தில் ஆல் வீல் டிரைவ் வண்டிக்குப் பேரம் பேச இடமே இருக்காது. டயருக்கு மட்டும் செப்டம்பரிலேயே சொல்லிவைத்து, அக்டோபர் கடைசியில் மாற்ற நாள் வாங்கிவிடுங்கள். நவம்பரில் கடைகளில் வாரக்கணக்கில் வரிசை. டயரின் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த காலையில் பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினாலே ஒரு பி.எஸ்.ஐ. குறைந்துவிடும். சக்கரம் மாற்றி 100 கி.மீ. ஓடியதும் கடைக்குத் திரும்பப் போய் நட்டுகளை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள்.